துப்பாக்கியின் கறுப்புச் சட்டை

இரவு காய் நறுக்கிய அரிவாள்மணையைக் கழுவித் துடைக்காமல் வைத்துவிட்டால் காலையில் என்ன ஆகிறது? அலகின் மேல் செம்பழுப்புப் புள்ளிகள் தோன்றிவிடுகின்றன. பக்கத்திலேயே இருக்கும் தோசைக்கல்லும் இரும்புதான். அது மட்டும் ஆண்டுக்கணக்காகக் கறுகறுவென்று இருக்கிறது. நாள்தோறும் எண்ணெய் பட்டுச் சூடேறியதால் அதன் மேல் ஒரு கெட்டியான படலம் படிந்துவிட்டது. அந்தப் படலம்தான் தோசைக்கல்லின் சட்டை.

இதே சட்டைப் பிரச்சினை இன்னொரு பொருளுக்கும் உண்டு. அது எஃகால் ஆன துப்பாக்கி. மழையில் நனையும், சேற்றில் புரளும், வியர்வைக் கையால் பிடிக்கப்படும். ஆயினும் எல்லையில் காவல் நிற்கும் வீரர் விசையை இழுக்கும் கணத்தில் அது தவறாமல் இயங்கியாக வேண்டும். அரிவாள்மணை துருப்பிடித்தால் தேய்த்துக்கொள்ளலாம். துப்பாக்கி துருப்பிடித்தால் போவது உயிர்.

திருச்சி மாணவர்களுக்கு இது தொலைதூரச் செய்தி அல்ல. திருவெறும்பூரை அடுத்த நவல்பட்டில் படைக்கலத் தொழிற்சாலை இருக்கிறது. 1966இல் தொடங்கப்பட்ட இந்தத் தொழிற்சாலை நமது படைகளுக்கும் காவல் துறைக்கும் துப்பாக்கிகள் செய்து வருகிறது. ‘திருச்சி அசால்ட் ரைபிள்’ என்று நமது ஊரின் பெயரையே தாங்கிய துப்பாக்கியும் இங்கே உருவானது. 2021 அக்டோபர் முதல் இது மத்திய அரசின் புதிய பாதுகாப்புத் தளவாட நிறுவனம் ஒன்றின் கீழ் இயங்குகிறது.

துரு எப்படிப் பிடிக்கிறது?

எஃகின் மேல் ஒரு துளி நீர் நிற்பதாக வைத்துக்கொள்வோம். அந்தத் துளிக்குள் ஒரு சிறு மின்கலமே வேலை செய்கிறது. ஓரிடத்தில் இரும்பு அணுக்கள் எலக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனிகளாக நீரில் கரைகின்றன. வேறோரிடத்தில் காற்றிலிருந்து கரைந்த ஆக்சிஜன் அந்த எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்து இரும்பு ஹைட்ராக்சைடாகி, மேலும் ஆக்சிஜன் ஏற்றுச் செந்துருவாகிறது. நீரில் உப்பு இருந்தால் மின்னோட்டம் எளிதாகிறது, துருவும் விரைகிறது. நமது வியர்வையில் உப்பு இருக்கிறதல்லவா? அதனால்தான் பளபளப்பான எஃகின் மேல் பட்ட விரல் ரேகை, சில நாட்களில் துரு ரேகையாக மாறிவிடுகிறது.

செந்துரு பஞ்சுபோல் நுண்துளைகள் நிறைந்தது, உதிரக்கூடியது. ஈரத்தை உள்ளே பிடித்துவைத்துக்கொண்டு அடியிலுள்ள இரும்பையும் தின்னும்.

முள்ளை முள்ளால் எடுப்பது

ஆனால் இரும்பின் ஆக்சைடுகள் எல்லாமே பொல்லாதவை அல்ல. மூன்று இரும்பு அணுக்களுக்கு நான்கு ஆக்சிஜன் அணுக்கள் என்ற கணக்கில் அமைந்த ஓர் ஆக்சைடு உண்டு. பெயர் மாக்னடைட். கறுப்பு நிறம், காந்தத்தால் ஈர்க்கப்படும். இது எஃகின் மேல் அடர்த்தியாக ஒட்டிக்கொண்டு நிற்கும். செந்துரு வீட்டை இடிக்கும் விருந்தாளி என்றால், இது வாசலில் நிற்கும் காவலாளி.

பழங்காலத் துப்பாக்கிக் கொல்லர்கள் இதை அனுபவத்தால் அறிந்திருந்தார்கள். குழலை வேண்டுமென்றே மெல்லியதாகத் துருப்பிடிக்க வைப்பார்கள். பிறகு கொதிநீரில் போடுவார்கள். செந்துரு கறுப்பாக மாறும். உதிரும் பொடியைத் துலக்கிவிட்டு மீண்டும் துருவேற்றி, மீண்டும் கொதிக்க வைப்பார்கள். இப்படிப் பலமுறை செய்தால் நீலம் கலந்த ஆழ்ந்த கறுப்பு கிடைக்கும். ஆங்கிலத்தில் இதற்குப் ‘புளூயிங்’, அதாவது நீலமேற்றுதல் என்று பெயர். அதற்குப் பல நாட்கள் பிடித்தன. பின்னாளில் தொழிற்சாலைகள் எரிசோடாவும் நைட்ரேட் உப்பும் கரைந்த சூடான தொட்டிகளுக்கு மாறின. தனி நீர் 100 டிகிரியில் கொதிக்கும்; இந்தக் கரைசல் சுமார் 140 டிகிரியில் கொதிக்கிறது. எனவே வேலை நிமிடக் கணக்கில் முடிகிறது.

வண்ணம் பூசினால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். துப்பாக்கியின் உறுப்புகள் மிக நெருக்கமான அளவுகளில் ஒன்றோடொன்று பொருந்தி நகர்பவை. வண்ணப்பூச்சு அந்த இடைவெளியை அடைத்துவிடும். கறுப்பு ஆக்சைடோ எஃகிலிருந்தே வளர்வது. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். வெயிலில் பளபளத்து வீரரைக் காட்டிக்கொடுப்பதும் இல்லை.

நவல்பட்டுக்கு அருகிலேயே, 1965 முதல் இயங்கும் பெல் கொதிகலன் தொழிற்சாலை இருக்கிறது. அனல் மின்நிலையங்களுக்குச் செல்லும் கொதிகலன் குழாய்களின் உட்புறத்தைக் காப்பதும் இதே மாக்னடைட் படலம்தான். அது கரையாமல் இருக்கும்படி கொதிகலன் நீரின் தன்மையைக் கவனமாகப் பேணுகிறார்கள்.

பாஸ்பேட் சட்டை

1906இல் இங்கிலாந்தில் தாமஸ் காஸ்லெட் என்பவர் வேறொரு முறைக்குக் காப்புரிமை பெற்றார். பாஸ்பாரிக் அமிலம் கலந்த சூடான கரைசலில் எஃகை இட்டால், அதன் மேல் சாம்பல் நிறப் பாஸ்பேட் படிகங்கள் முளைக்கின்றன. பின்னாளில் மாங்கனீஸ், துத்தநாகம் ஆகியவற்றின் பாஸ்பேட்டுகளைக் கொண்டு இம்முறை மேம்படுத்தப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் இராணுவத் துப்பாக்கிகள் பெரும் எண்ணிக்கையில் இந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டன. இது கறுப்பு ஆக்சைடைவிடப் பல மடங்கு தடிமனானது. படிகங்களுக்கு இடையிலுள்ள இடுக்குகள் எண்ணெயை நன்றாகப் பிடித்துவைக்கும்.

பாஸ்பரஸ் இரும்பைக் காப்பதற்கு நமது நாட்டில் மிகப் பழைய சான்று ஒன்றும் உண்டு. சுமார் 1,600 ஆண்டுகளாக வெட்டவெளியில் நிற்கும் டெல்லி இரும்புத் தூண் அது. அந்த இரும்பில் பாஸ்பரஸ் மிகுதி என்றும், அதனால் மேற்பரப்பில் உண்டான மெல்லிய பாஸ்பேட் படலமே தூணைக் காக்கிறது என்றும் கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் விளக்கினார்.

வியட்நாம் தந்த பாடம்

குழலின் உட்புறக் கதை தனி. அங்கே வெப்பம், உராய்வு, வெடிமருந்துக் கசடு மூன்றும் தாக்குகின்றன. இந்த இடத்துக்கு ஏற்றது குரோமிய முலாம். மின்பகுப்பு முறையில் பூசப்படும் இது மிகவும் கடினமானது, துருவையும் தடுக்கும்.

1960களில் அமெரிக்க வீரர்கள் எம்-16 என்ற புதுத் துப்பாக்கியுடன் வியட்நாம் சென்றார்கள். அதில் தோட்டா அமரும் அறைக்குக் குரோமிய முலாம் இல்லை. வெடிமருந்தின் வகையும் மாற்றப்பட்டிருந்தது, கசடு கூடியது. அதைத் துடைக்க வேண்டிய தேவையே இல்லை என்ற எண்ணம் பரவியிருந்ததால், துடைக்கும் கருவிகள்கூடப் போதுமான அளவில் தரப்படவில்லை. வெப்பமும் ஈரமும் நிறைந்த காட்டில் அறைகள் துருவேறிக் குழி விழுந்தன. சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே வராமல் சிக்கிக்கொண்டது. சண்டையின் நடுவே நீண்ட கம்பியைக் குழலுக்குள் விட்டு அதைக் குத்தித் தள்ள வேண்டியிருந்தது. பலர் உயிரிழந்தார்கள். 1967இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று இதை விசாரித்துக் கண்டித்தது. அறைக்குக் குரோமிய முலாம் வந்தது. துடைக்கும் கருவிகளும் வந்தன. வில் ஐஸ்னர் என்ற ஓவியரின் படங்களுடன், பராமரிப்பு முறையைச் சொல்லும் படக்கதைக் கையேடு ஒன்றும் வீரர்கள் கையில் கொடுக்கப்பட்டது.

பாடம் என்ன? நல்ல சட்டையும் வேண்டும்; அதைப் பேணும் கையும் வேண்டும். கறுப்பு ஆக்சைடு தனியாக நின்றால் ஈரம் நாளடைவில் அதன் நுண்துளைகள் வழியே புகுந்துவிடும். எண்ணெய் அந்தத் துளைகளை அடைக்கும்போதுதான் காப்பு முழுமையாகிறது. எண்ணெயோ காயும், கழுவப்படும். எனவே மீண்டும் மீண்டும் தடவ வேண்டும்.

செய்து பாருங்கள்

முலாம் பூசாத மூன்று இரும்பு ஆணிகளை உப்புத்தாளால் தேய்த்துச் சோப்பு நீரில் கழுவுங்கள். இரண்டை மட்டும் உப்புநீர் நனைத்த துணியால் துடைத்து ஓர் இரவு வையுங்கள். மெல்லிய செந்துரு படியும். மறுநாள் பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, அவ்விரண்டையும் மழைநீரில் இருபது நிமிடம் கொதிக்க வையுங்கள். செந்துரு கருமையாவதைக் காண்பீர்கள். ஆறியதும் பொடியைத் துடைத்துவிட்டு, ஒன்றுக்கு மட்டும் தையல் மிஷின் எண்ணெய் தடவுங்கள். பிறகு மூன்று ஆணிகளையும் ஈரத்துணி மேல் வைத்து, எது எப்போது சிவக்கிறது என்று நாள்தோறும் குறித்து வாருங்கள். எரிசோடாத் தொட்டி முறையை மட்டும் ஒருபோதும் முயலாதீர்கள். அது கண்ணையும் தோலையும் அரித்துவிடும்.

ஸ்ரீரங்கம் கோயிலில் மூலவரான பெரிய பெருமாளின் திருமேனி சுதையால் ஆனது. ஆனி மாத ஜ்யேஷ்டாபிஷேகத்தை ஒட்டி அவருக்குத் தைலக்காப்பு சாத்துகிறார்கள். ஒருமுறை சாத்தியதோடு விட்டுவிடுவதில்லை, காலந்தோறும் புதுப்பிக்கிறார்கள். ‘காப்பு’ என்ற சொல்லுக்குள்ளேயே அந்தப் பொருள் இருக்கிறது. சுதையானாலும் எஃகானாலும், காப்பது என்பது ஒருநாள் வேலை அல்ல. இன்று இரவு அரிவாள்மணையைத் துடைத்து, அலகில் ஒரு துளி எண்ணெய் தடவி வையுங்கள். காலையில் அம்மா காரணம் கேட்டால், இந்தக் கதையைச் சொல்லுங்கள்!