ஒரு உலை, ஒரு குடும்பமா?

இலண்டனில் நம்மவர் பற்றிய வினாக்கொத்துகளில் 'குடும்பம்' என்ற சொல் வரையறையின்றியே வருகிறது. இது பழைய வழக்கு. கண்டிக்கு அருகே பாததும்பறைக் கிராமங்களில் மாதிரி ஆய்வு செய்த சர்க்காரும் எஸ். ஜே. தம்பையாவும், நிலமற்ற குடும்பங்கள் மலிந்து கிராமம் சிதைகிறது என 1957இல் எழுதினர். மறுவருடமே எட்மண்ட் லீச் மறுத்தார்: தனியே உலை வைப்போரையெல்லாம் தனிக் குடும்பமென எண்ணினால், நாளை தகப்பனின் வயலைப் பெறப்போகும் மணமான மகனும் இன்று 'நிலமற்றவன்' ஆவான். லீச் எண்ணுக்கு எதிரியல்லர். புல்எலியவில் வயல்வயலாகக் கணக்கெடுத்தவர்தான்.

சராசரி, விலகல் எல்லாம் ஒரு மாதத்தில் படித்துவிடலாம். அலகுதான் சிக்கல். என்னோடு தொழிற்சாலையில் ஒரு தம்பி. அவன் சம்பளத்தில் உலை கொதிப்பது சாவகச்சேரியில். அவன் இங்கு தனியாளா, அங்கு குடும்பத் தலைவனா? வினாக்கொத்து அச்சேறுமுன் நண்பர்கள் இதைத் தீர்க்கட்டும்.