எதிர் டீமுக்குத் தடையா... நமக்கு ஜாலியா?

பக்கத்து ஊர் டீம் ஒரு சீசன் ஆடக் கூடாதுன்னு டோர்னமென்ட் கமிட்டி சொன்னா, நீங்க முதல்ல என்ன பண்ணுவீங்க? பொய் சொல்லாதீங்க பாஸ்... அவங்க பவுலர் வீட்டுக்கு பைக்கை விடுவீங்க!

நாங்களும் அதைத்தான் பண்ணோம். வெண்ணந்தூர்ல தறிச் சத்தத்தையும் மீறி விசில் பறக்குற டென்னிஸ் பால் டோர்னமென்ட். வெளியூர் ஆளை உள்ளூர்ப் பேர்ல இறக்கினதா எதிர் டீமுக்குத் தடை. அடுத்த வாரமே அவங்க லெஃப்ட் ஆர்ம் பவுலர் எங்க டீம்ல! மூணு வருஷமா எங்களுக்குப் பந்து போட்ட பையனோ, ஸ்கோர் நோட்டோட ஓரமா உட்கார்ந்துட்டான்.

இதே கதை கோடிகள்ல நடந்தது ஞாபகம் இருக்கா? பெட்டிங் விவகாரத்துல சென்னை, ராஜஸ்தான் ரெண்டு ஐ.பி.எல் அணிகளுக்கும் லோதா கமிட்டி 2015 ஜூலையில ரெண்டு வருஷத் தடை போட்டுச்சு. தப்பு பண்ணது நிர்வாகத்துல இருந்தவங்க. இடம் மாறினது பிளேயர்ஸ். அந்த டிசம்பர்லயே புனேவும் குஜராத்தும் ஆளுக்கு அஞ்சு பேரை அள்ளிக்கிட்டாங்க. தோனி, அஸ்வின் புனேவுக்கு. ரெய்னா, ஜடேஜா குஜராத்துக்கு. முதல் ஆளுக்கு விலை 12.5 கோடி. மத்தவங்க ஏலத்துக்கு!

2017 ஏலத்துல நம்ம சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் பேர் வந்தப்ப, சென்னைக்கு அங்க நாற்காலியே இல்லை. 10 லட்சத்துல ஆரம்பிச்சு 3 கோடிக்கு பஞ்சாப் தூக்கிட்டுப் போச்சு. அதே வருஷம் காயத்தால அஸ்வின் ஆட முடியாமப் போக, 17 வயசு வாஷிங்டன் சுந்தர் புனேவுக்குள்ள வந்தார். ஆக, தடை சில பேருக்குக் கதவையும் திறக்கும்.

2018-ல சென்னை திரும்பி வந்து கப்பே அடிச்சாலும், அஸ்வின் கிடைக்கலை. 7.6 கோடிக்கு பஞ்சாப் எடுத்துடுச்சு. அவர் மறுபடி மஞ்சள் சட்டை போட்டது 2025-லதான். தடை ரெண்டு வருஷம், பிரிவு பத்து வருஷம்!

அமெரிக்காவுல இன்னும் மோசம். பந்தைக் கையில வெச்சுக்கிட்டு ஓடுவாங்களே, அந்த ஃபுட்பால்ல சதர்ன் மெதடிஸ்ட் யுனிவர்சிட்டி ரொம்பப் பிரபலம். மாணவர்களுக்கு ரகசியமா பணம் கொடுத்ததுக்காக 1987 சீசன் முழுசும் ரத்து. பிளேயர்ஸ் எங்க வேணும்னாலும் போகலாம்னு சொன்னதும், மத்த காலேஜ் கோச்சுங்க அந்த கேம்பஸுக்கே வந்து இறங்கிட்டாங்க. 1988-லயும் டீம் இறங்கலை. புதுசா சேர்ந்த சின்னப் பசங்களை வெச்சு 1989-ல மறுபடி ஆரம்பிச்சாங்க. சீசன் முடிவுல நல்ல டீம்களுக்குக் கிடைக்கிற 'பௌல்' மேட்ச்ல மறுபடி ஆட 2009 ஆயிடுச்சு.

சரி, எங்க கதைக்கு வருவோம். தடை முடிஞ்சதும் லெஃப்ட் ஆர்ம் ஸ்டார் சொந்த டீமுக்கே கிளம்பிட்டான். அவன் மேல என்ன தப்பு? பழைய பவுலரைத் தேடிப் போனோம். "சாயங்காலம் தறிக்குப் போறேன் மாப்ள... இனிமே வர முடியாது"ன்னுட்டான்.

அடுத்த தடவை எதிர் டீம் ஆளைக் கூப்பிட பைக்கை எடுக்குறீங்களா? எடுங்க, தப்பில்லை. ஆனா, ஸ்கோர் நோட்டு யார் கைக்குப் போகுதுன்னு ஒரு நிமிஷம் பாத்துட்டுக் கிளம்புங்க பாஸ்!