வீட்டிலேயே பைக் ஆயில் மாத்தப் போறீங்களா? சொதப்புவது எங்கே, சுலபமாக்குவது எப்படி?

வீடியோவில் பார்த்தால் பத்து நிமிட வேலைதான். அடியில் இருக்கும் போல்ட்டைக் கழற்றணும், பழைய ஆயில் வடியணும், போல்ட்டை மாட்டிவிட்டுப் புதுசை ஊத்தணும். லேபர் சார்ஜ் மிச்சம், நம்ம கண் முன்னாடியே மாத்தின திருப்தியும் கிடைக்கும்.

லாரிக்குப் பேர்போன நாமக்கல், சங்ககிரி, போர்வெல் ரிக் வண்டிகளுக்குப் பேர்போன திருச்செங்கோடு என, ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த ஒருத்தராவது தெருவுக்குத் தெரு இருக்கும் பகுதி இது. ஆனாலும் வீட்டு வாசலில் நடக்கும் ஆயில் சேஞ்ச் பல நேரம் பட்டறையில் போய்தான் முடிகிறது. பெரும்பாலான சொதப்பல் நடப்பது ஒரே இடத்தில்: பழைய ஆயிலை வடிக்கும்போது.

எந்த போல்ட்?

முதல் குழப்பம் இதுதான். ஸ்கூட்டர்களில் இன்ஜின் ஆயில் தனி, பின்சக்கரம் பக்கம் இருக்கும் கியர் ஆயில் தனி. இரண்டுக்கும் தனித்தனி வடிகால் போல்ட் உண்டு. கியர் ஆயிலை வடித்துவிட்டு, புது ஆயிலை இன்ஜினில் ஊற்றினால் இரட்டை நஷ்டம். கியர் பெட்டி காய்ந்துபோகும், இன்ஜினில் ஆயில் அளவுக்கு மீறிப்போகும்.

கண்டுபிடிக்க எளிய வழி, வடிந்த அளவைப் பார்ப்பது. 110 சிசி ஸ்கூட்டரில் இன்ஜின் ஆயில் அரை லிட்டருக்கு மேல் வர வேண்டும். 100 மில்லி போல வந்து நின்றுவிட்டால், கழற்றியது வேற போல்ட். அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

சில பைக்குகளில் கியர் பாகங்களைப் பிடித்திருக்கும் போல்ட்டும் அடியிலேயே இருக்கும். ஓனர்ஸ் மேனுவலில் படம் பார்த்துவிட்டு ஸ்பானரை எடுப்பது நல்லது.

மரை ஏன் போகுது?

வண்டிப் பக்கத்தில் உட்கார்ந்து, மேலிருந்து கையை அடியில் விடும்போது திசை தலைகீழாகிவிடும். போல்ட்டின் தலையை நேராகப் பார்த்தால் கடிகாரம் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்பணும். மேலிருந்து பார்ப்பவருக்கு அதே திருப்பல் கடிகாரத் திசையில் தெரியும். இதில் குழம்பி, கழற்றுவதாக நினைத்து மேலும் இறுக்கிவிடுகிறவர்கள் உண்டு.

போல்ட் இரும்பு, இன்ஜின் அடிப்பாகம் அலுமினியம். பலமாக இறுக்கினால் தோற்பது அலுமினியம்தான். மரை போய்விட்டால் லேத்தில் கொடுத்துப் புது மரை போடணும், இல்லை கேஸையே மாத்தணும். மிச்சம் பிடித்த லேபர் சார்ஜைப் போல பல மடங்கு செலவு.

எவ்வளவு இறுக்கணும்? பல சிறிய பைக்குகளுக்கு 20 முதல் 30 நியூட்டன் மீட்டர் வரை இருக்கும். உங்கள் வண்டிக்கான கணக்கு சர்வீஸ் மேனுவலில் இருக்கும். 25 செ.மீ. நீள ஸ்பானரின் முனையில் சுமார் 10 கிலோ இழுவை கொடுத்தால் 25 நியூட்டன் மீட்டர் வரும். ஸ்பானரில் பைப் சொருகி இழுக்கும் வேலையே வேண்டாம்.

இன்னொன்று, போல்ட்டோடு வரும் வாஷர். இறுகும்போது நசுங்கி ஆயிலை அடைப்பதுதான் அதன் வேலை. நசுங்கிய பழசையே திரும்பப் போட்டால் சொட்ட வாய்ப்பு அதிகம். சொட்டுகிறதே என்று மேலும் இறுக்கப் போய்த்தான் பலருக்கு மரை போகிறது. சில ரூபாய் வாஷரைப் புதுசாகப் போட்டாலே பிரச்னை முடிந்தது.

வடிப்பதைச் சுலபமாக்க 6 வழிகள்

1. மிதமான சூடு: குளிர்ந்த ஆயில் கெட்டியாக, மெதுவாக வடியும். வண்டியை வெளியில் நிறுத்தி 3 முதல் 5 நிமிடம் ஓடவிட்டு அணைத்துவிடுங்கள். 5, 10 நிமிடம் கழித்துக் கழற்றுங்கள். நீண்ட பயணம் முடித்து வந்த கையோடு திறந்தால் கை வெந்துவிடும். சைலன்சரும் சுடும்.

2. மேல் மூடியைத் திறங்கள்: ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றினால் காற்று உள்ளே போகும், ஆயில் தடையில்லாமல் இறங்கும்.

3. நிறுத்தும் விதம்: சமமான தரையில் சென்டர் ஸ்டாண்ட். சைடு ஸ்டாண்டில் சாய்ந்திருந்தால் பழைய ஆயில் ஓரத்தில் தேங்கலாம்.

4. அகலமான பாத்திரம்: பழைய 5 லிட்டர் கேனைப் படுக்கவைத்து ஒரு பக்கத்தை வெட்டினால் போதும். முதல் பீய்ச்சல் நேராக விழாது, பக்கவாட்டில் வரும். அதனால் கொஞ்சம் தள்ளியே வையுங்கள்.

5. ரிங் ஸ்பானர் அல்லது பாக்ஸ் ஸ்பானர்: ஸ்க்ரூ ஸ்பானர் வழுக்கி போல்ட் முனைகளை மழுக்கிவிடும். லூஸான பிறகு கையால், போல்ட்டை உள்பக்கமாக அழுத்தியபடியே சுற்றுங்கள். மரை முடிந்ததும் சட்டென்று விலக்கினால் போல்ட் ஆயிலுக்குள் விழாது. கையுறை கட்டாயம்.

6. சாவி: வண்டிச் சாவியைக் கழற்றி, புது ஆயில் டப்பா மேல் வையுங்கள். நடுவில் போன் வந்து, ஆயில் ஊத்தாமலேயே ஸ்டார்ட் பண்ணிவிடும் ஆபத்து இதனால் குறையும். ஆயில் இல்லாமல் ஓடினால் இன்ஜின் சீஸ் ஆகிவிடும்.

வால்வு, பம்ப் வாங்கலாமா?

போல்ட்டுக்குப் பதிலாக, திருப்பினால் திறக்கும் டிரெயின் வால்வு விற்கிறார்கள். ஒவ்வொரு முறையும் மரையைத் தொட வேண்டியதில்லை என்பது நல்ல விஷயம். ஆனால் அது போல்ட்டைவிடக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும். கல்லும் உயரமான வேகத்தடையும் உள்ள ரோட்டில் தாழ்வான வண்டிக்கு அது ஆபத்து. மேல்வழியாக உறிஞ்சும் பம்ப் கார்களுக்கு ஓரளவு உதவும். அடியில் படிந்த கசடு முழுசாக வராது.

ஊத்தும்போது கவனிக்க

கியர் பைக்குகளில் பெரும்பாலும் கிளட்ச்சும் இன்ஜின் ஆயிலிலேயே நனைந்திருக்கும். டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்கிறதா பாருங்கள். வீட்டில் மீந்த கார் ஆயிலை ஊத்தினால் கிளட்ச் வழுக்கலாம். ஸ்கூட்டர்களுக்கான வகை எம்பி. ஊத்திய பிறகு 2, 3 நிமிடம் ஓடவிட்டு அணைத்து, சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கில் அளவு பாருங்கள். குறைந்தாலும் தப்பு, கூடினாலும் தப்பு.

பழைய ஆயிலை என்ன செய்வது?

உண்மையிலேயே பெரிய சொதப்பல் இங்கேதான். சாக்கடையில் ஊத்துவது, புழுதி அடங்கத் தரையில் தெளிப்பது, கரையானுக்கு மரத்தில் தடவுவது எல்லாம் வேண்டாம். பழைய ஆயிலில் உலோகத் துகள்களும் எரிந்த எரிபொருளின் கழிவுகளும் இருக்கும். ஒரு ஆயில் சேஞ்சில் வரும் கழிவு ஆயில் 10 லட்சம் கேலன், அதாவது சுமார் 38 லட்சம் லிட்டர் நன்னீரைக் கெடுக்க முடியும் என்கிறது அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. அது கார் கணக்கு. பைக்கில் அளவு குறைவு என்றாலும் தன்மை ஒன்றுதான்.

சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு, சேலம் நகருக்குள் ஓடி, நாமக்கல் மாவட்டம் வழியாகக் காவிரியில் கலக்கிறது. சேலத்தில் சாக்கடையில் ஊத்துவது நாமக்கல் வயலுக்கும் போகலாம். பாறைப் பகுதியான இங்கே கிணறும் போர்வெல்லும்தான் பல வீடுகளுக்கு ஆதாரம்.

சட்டப்படியும் பயன்படுத்திய ஆயில் அபாயகரமான கழிவு. 2016-ம் ஆண்டு விதிகளில் அது பட்டியலிடப்பட்டிருக்கிறது. ஆயில் தயாரிப்பாளர்கள், இறக்குமதியாளர்களே மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது.

நாம் செய்ய வேண்டியது சின்ன வேலை. புது ஆயில் காலியான அதே டப்பாவில் பழசை ஊற்றி மூடுங்கள். பெட்ரோல், தண்ணீர் எதையும் கலக்காதீர்கள், கலந்தால் மறுசுழற்சி கஷ்டம். சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடுங்கள். மாசு கட்டுப்பாட்டு வாரிய அனுமதி பெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்குத்தான் போகிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். தரையில் சிந்தியதை மரத்தூள் அல்லது மணல் போட்டு அள்ளுங்கள், தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டாம்.

எப்போ வீட்டில் செய்யக் கூடாது?

வாரன்டி, ஃப்ரீ சர்வீஸ் காலத்தில் வண்டியை சர்வீஸ் சென்டருக்கே விடுங்கள். போல்ட் அசையவே மாட்டேங்குது, இல்லை தலை மழுங்கியிருக்கு என்றாலும் பலம் காட்ட வேண்டாம். கழற்றுவதற்கு முன்பு மெக்கானிக்கிடம் போனால் செலவு குறைவு. மரை போன பிறகு போனால் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போகணும்.