விளக்குக்கும் எண்ணெய் வேண்டும்

தாயைக் குடும்ப விளக்கு என்று புகழ்கிறோம். அவ்விளக்கில் எண்ணெய் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்போர் மிகச் சிலரே. அதிகாலையில் முதலில் எழுபவள் அவள். இரவில் இறுதியாகப் படுப்பவளும் அவளே. கணவனுக்கும் மக்களுக்கும் பரிமாறிய பின், சட்டியில் எஞ்சியதை உண்பவளும் அவளே. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மருத்துவரிடம் ஓடுவாள்; தனக்குக் காய்ச்சல் என்றால், "ஒரு மாத்திரை போட்டால் போதும்" என்பாள். இதனைத் தியாகம் என்று நாமும் போற்றி வருகிறோம். அப்போற்றுதலைச் சற்றே நிறுத்தி, இதன் விளைவு யாது என்று எண்ணிப் பார்ப்போம்.

கணக்குக் காட்டும் உண்மை

2019–21 ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உடையவர்கள். அதே வயது ஆண்களுள் நூற்றுக்கு 25 பேரே அவ்வாறு உள்ளனர். தமிழகப் பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால், நூற்றுக்கு 53 பேர். அதாவது, நம் இல்லங்களில் இருவருள் ஒரு பெண் போதிய இரத்தமின்றியே உலை வைக்கிறாள், துணி துவைக்கிறாள், வயலுக்கும் அலுவலகத்துக்கும் செல்கிறாள்.

மாதவிலக்கும் மகப்பேறும் இதற்குரிய இயற்கைக் காரணங்கள். ஆனால், காயும் மீனும் பிறர் தட்டுக்குப் போனபின் வெறும் சோற்றையும் குழம்பையும் உண்ணும் வழக்கம் இயற்கை தந்ததன்று, நாம் ஏற்படுத்தியது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குதல், நெஞ்சு படபடத்தல், ஓயாத அசதி, கீழ் இமையின் உட்புறமும் நகங்களும் வெளுத்திருத்தல் ஆகியவை இரத்தசோகையின் அடையாளங்கள். இவற்றைச் "சோம்பல்" என்றும் "எரிச்சல் குணம்" என்றும் வீட்டார் தவறாகப் பெயரிட்டுவிடுகின்றனர்.

தன்னலமா, கடமையா?

"என்னை நான் கவனித்துக்கொண்டால் அது தன்னலமாகாதா?" என்று நல்ல உள்ளம் கொண்ட தாய்மார் பலர் நம்மிடம் வினவியதுண்டு. பிறரை நேசிக்கச் சொன்ன கட்டளை, அந்நேசத்திற்கு அளவுகோலாகக் கொடுத்தது நாம் நம்மிடம் கொண்டுள்ள அன்பையே என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். 1992 இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும், உயிரையும் உடல்நலத்தையும் இறைவன் ஒப்படைத்த கொடைகளாகக் கருதி, தகுந்த அளவில் பேணுமாறு கற்பிக்கிறது. உடலையே தெய்வமாக்கி வழிபடும் போக்கை அதே நூல் கண்டிக்கவும் செய்கிறது. பேணுதல் வேறு, வழிபடுதல் வேறு.

அரசர்கள் முதல் நூலின் 19 ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். எலியா இறைவாக்கினர் சோர்வின் எல்லையில் சூரைச்செடியின் அடியில் படுத்துச் சாவை வேண்டுகிறார். வானதூதர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, அறிவுரையும் கூறவில்லை. அப்பமும் தண்ணீரும் தந்தார், உறங்க விட்டார், மீண்டும் எழுப்பி உண்ணச் செய்தார். அதன் பின்னரே நாற்பது நாள் பயணம்! துயருக்கு மருந்துகளாகப் புனித தாமஸ் அக்குவினாஸ் கூறுவனவற்றுள் உறக்கமும் நீராடலும் இடம்பெற்றிருப்பதையும் இங்கே நினைவுகூரலாம். சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்று நம் முன்னோர் சொன்னதும் இதுவே.

செய்யத்தக்கவை

முதலாவது, உணவு. முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு வகைகள், முட்டை, மீன், ஈரல் இவற்றுள் இயன்றதை அன்றாடம் தாயின் தட்டிலும் இடுக. நெல்லிக்காயோ கொய்யாவோ எலுமிச்சையோ உடன் சேர்ந்தால், உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் நன்கு ஏற்கும். உணவோடு காப்பி, தேநீர் அருந்தினால் அது தடைப்படும். ஆகவே சற்று நேரம் கழித்து அருந்துக. உப்பு ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், இருத்தல் நன்று. ஊறுகாய், கருவாடு, அப்பளம் இவற்றிலுள்ள உப்பும் இக்கணக்கில் சேரும்.

இரண்டாவது, பரிசோதனை. கருவுறாத பெண்ணின் இரத்தத்தில் 100 மில்லி லிட்டருக்கு 12 கிராம் ஹீமோகுளோபினாவது இருக்க வேண்டும். சிறு துளி இரத்தத்தால் இதனை அறியலாம். இரத்த அழுத்தமோ வலியின்றியே வளர்வது. 140/90 அல்லது அதற்கு மேல் தொடர்ந்து காணப்பட்டால் மருத்துவரை அணுகுக. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகளை இல்லத்திற்கே கொண்டுவந்து தரும் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தைத் தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கியது. மார்பில் வலியற்ற கட்டி தென்பட்டால் வெட்கத்தால் மறைக்காதீர்கள். மறைத்த நாள்கள் நோய்க்கே ஆதாயம்.

மூன்றாவது, உறக்கமும் நடையும். வயதுவந்தோர்க்கு இரவில் ஏழு மணி நேர உறக்கமாவது தேவை. வாரத்தில் 150 நிமிட விரைந்த நடையை உலக நலவாழ்வு நிறுவனம் வற்புறுத்துகிறது. நாள்தோறும் அரை மணி என ஐந்து நாள் நடந்தால் போதும்.

நான்காவது, மனம். வாரக்கணக்கில் உறக்கமின்மை, காரணமற்ற அழுகை, வாழ்வில் வெறுப்பு தோன்றினால், அதனை விசுவாசக் குறைவு என்று எண்ணி ஒளிக்க வேண்டாம். 2022 இல் தொடங்கப்பட்ட 14416 என்னும் தொலைபேசி எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே ஆலோசனை பெறலாம்.

ஒருசந்தி காலத்தில் ஒரு சொல்: நோயாளரைத் திருச்சபை நோன்புக்குக் கட்டாயப்படுத்துவதில்லை. நீரிழிவுக்கு மருந்து உண்போர் மருத்துவரைக் கேளாது பட்டினி கிடத்தல் பக்தியன்று, ஆபத்து.

ஞாயிறு யாருக்கு ஓய்வு?

இவ்வளவும் தாய் ஒருத்தியால் மட்டும் ஆகக்கூடியவை அல்ல. ஓய்வெடு என்று வாயால் சொல்லிவிட்டு, வேலையை அப்படியே விட்டு வைத்தால் அவள் எங்ஙனம் ஓய்வெடுப்பாள்? ஞாயிற்றுக்கிழமையை ஓய்வு நாள் என்கிறோம். ஆனால் கறிக்குழம்பும், வார அழுக்குத் துணியும், வந்துபோகும் உறவினரும் சேர்ந்து, பல இல்லங்களில் அவளுக்கு அதுவே மிகக் கடினமான நாளாகிறது. திருப்பலி முடிந்து நாம் நாற்காலியில் அமரும்போது அவள் அடுப்படியில் நுழைகிறாள்.

குடும்பத் தலைவர்களே, வருகிற ஞாயிறு முதல் ஒன்று செய்யுங்கள். தாயையும் உடன் அமர்த்தி உண்ணுங்கள். முதல் அகப்பை அவள் தட்டில் விழட்டும். மகனும் மகளும் வேறுபாடின்றிப் பாத்திரம் துலக்கட்டும். பிற்பகலில் ஒரு மணி நேரம் எவரும் அவளை அழைக்காதிருங்கள். அவ்வாரத்திலேயே அவளை இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். "எனக்கு ஒன்றுமில்லை" என்று அவள் மறுப்பாள். ஆண்டுக்கணக்கில் அவள் சொல்லி வருவது அது. இம்முறை அச்சொல்லை நம்பிவிடாதீர்கள்.