முட்டிய நெற்றி, முடியாத விவாதம்

2017 ஏப்ரல் 9. டோக்கியோவில் சுமோ போட்டிகளுக்குப் பெயர்போன ரியோகோகு கொகுகிகான் அரங்கம். மல்யுத்த சாம்பியன் கசுச்சிகா ஒகாடாவின் நெற்றியில் தன் நெற்றியால் ஓங்கி முட்டினார் கட்சுயோரி ஷிபாட்டா. ஷிபாட்டாவின் முகத்தில் ரத்தம் வழிந்தது.

தொழில்முறை மல்யுத்தத்தில் வெற்றி தோல்வி முன்பே முடிவாகிவிடும். ஆனால் ஜப்பானின் ‘ஸ்ட்ராங் ஸ்டைல்’ ஆட்டத்தில் உதையும் அறையும் உடம்பில் உண்மையாகவே விழும். 1972-இல் நியூ ஜப்பான் நிறுவனத்தைத் தொடங்கிய அன்டோனியோ இனோக்கி வளர்த்த பாணி இது. பார்ப்பவருக்குச் சந்தேகமே வரக்கூடாது என்பது அதன் நோக்கம்.

அன்று ஒகாடா வென்றார். ஷிபாட்டாவுக்கு மண்டைக்குள் ரத்தக்கசிவு. அவசர அறுவை சிகிச்சை நடந்தது.

அந்த ஆட்டத்தை மகத்தான படைப்பு என்று கொண்டாடியவர்கள் பலர். ஒரு தலைமுட்டுக்காக உயிரையே பணயம் வைப்பதா என்று கொதித்தவர்களும் உண்டு. இரண்டாவது தரப்பின் பக்கமே நியாயம் அதிகம். 2009-இல் ஹிரோஷிமாவில் நடந்த ஆட்டத்தில், பின்பக்கமாகத் தூக்கி எறியப்பட்ட மல்யுத்த வீரர் மிட்சுஹாரு மிசாவா அன்றிரவே இறந்ததை யாரால் மறக்க முடியும்? மார்பில் விழும் அறை சிவந்து ஆறிவிடும். மூளையில் படும் அடி அப்படியல்ல.

2021 அக்டோபரில் ஷிபாட்டா மீண்டும் களமிறங்கினார். ஜாக் சேபர் ஜூனியருடன் ஐந்து நிமிடக் காட்சி ஆட்டம்: பிடிகள், பூட்டுகள் மட்டுமே. உதையில்லாத அந்த ஐந்து நிமிடங்களையும் அரங்கம் மனமுருகிப் பார்த்தது.