எதிர்பார்ப்பும் வெகுமதியும்

சம்பளத்தை உயர்த்தினால் ஊழியர் ஊக்கம் பெறுவர் என்றும், பிடித்தம் செய்தால் ஒழுங்கு பெறுவர் என்றும் பொதுவாகக் கருதப்படுகிறது. இக்கருத்து முற்றிலும் தவறன்று. ஆயினும், ஒரே வகையான ஏற்பாடு ஓரிடத்தில் பயன் தந்து, பிறிதோரிடத்தில் பயனற்றுப் போவதேன் என்பதை அது விளக்குவதில்லை.

உளவியலறிஞர் விக்டர் வ்ரூம் 1964-இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். ஊழியர் ஒருவர் முயற்சியில் இறங்குமுன் அவர் மனத்தில் மூன்று மதிப்பீடுகள் எழுகின்றன. முயன்றால் இப்பணி தம்மால் கைகூடுமா? கைகூடினால் சொல்லப்பட்ட பலன் உண்மையாகவே கிட்டுமா? அப்பலன் தமக்கு வேண்டியதுதானா? இம்மூன்றும் ஒன்றையொன்று பெருக்குவனவேயன்றிக் கூட்டுவன அல்ல என்பதே இக்கொள்கையின் உயிர்நாடி. ஏதேனும் ஒன்று சுழியானால், மற்ற இரண்டும் எவ்வளவு பெரியனவாயினும் ஊக்கம் சுழியே.

இராஜஸ்தானத்தின் உதயப்பூர் மாவட்டத்தில் நடைபெற்ற இரு சோதனைகள் இதனை நன்கு விளக்குகின்றன. அங்குச் சேவா மந்திர் என்னும் தொண்டு நிறுவனம் சிற்றூர்களில் ஓராசிரியர் பள்ளிகளை நடத்தி வந்தது. ஆசிரியர் வராத நாளில் பள்ளியே இல்லை. 2003-இல் சில பள்ளிகளுக்கு நாளும் நேரமும் பதியும் காமிரா ஒன்று கொடுக்கப்பட்டது. பள்ளி தொடங்கும்போதும் முடியும்போதும் மாணவர் ஒருவர், ஆசிரியரையும் பிற மாணவரையும் படம் எடுக்க வேண்டும். மாதத்தில் 10 நாளுக்குக் குறைவாக வந்தவர்க்குச் சம்பளம் 500 ரூபாய். அதற்குமேல் வரும் ஒவ்வொரு நாளுக்கும் 50 ரூபாய் கூடுதல். காமிரா இல்லாத பள்ளிகளில் ஆசிரியர் வராமை 42 விழுக்காடாக இருக்க, காமிரா உள்ள பள்ளிகளில் அது 21 விழுக்காடாகக் குறைந்தது. மாணவரின் தேர்வு மதிப்பெண்களும் உயர்ந்தன.

இங்கே கருதத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. மாத இறுதி நெருங்கியும் 10 நாள் எட்டாத ஆசிரியர், எஞ்சிய நாள்களில் பள்ளிக்கு வருவது குறைந்தது; புதிய மாதம் பிறந்ததும் அவருடைய வருகை சட்டென உயர்ந்தது. ஆளும் அவரே, பள்ளியும் அதுவே, 50 ரூபாயின் மதிப்பும் அதுவே. இன்று வந்தால் பலன் உண்டு என்ற எதிர்பார்ப்பு ஒன்றே மாறிற்று. மற்றொன்று: பள்ளிக்கு வந்த ஆசிரியர் கற்பித்த முறை, காமிரா இல்லாத பள்ளி ஆசிரியரின் முறையினின்று வேறுபடவில்லை. வெகுமதி வருகைக்கு வைக்கப்பட்டது, மாறியதும் வருகையே.

இரண்டாவது சோதனை அதே மாவட்டத்தில் 2006-இல் தொடங்கியது. இம்முறை துணைச் சுகாதார நிலையங்களில் பணியாற்றிய அரசுச் செவிலியரின் வருகையைச் சேவா மந்திர் கண்காணித்தது; நேரம் பதியும் பொறி வைக்கப்பட்டது. குறித்த நாள்களில் பாதிக்கு மேல் வராதவரின் சம்பளத்தில் பிடித்தம் செய்யப்படும் என மாவட்டச் சுகாதார நிருவாகம் அறிவித்தது. முதல் சில மாதங்களில் வருகை ஏறக்குறைய இருமடங்காயிற்று. ஆனால் 16 மாதங்களுக்குப்பின் நோக்கியபோது, கண்காணிக்கப்பட்ட நிலையங்களுக்கும் பிற நிலையங்களுக்கும் வேறுபாடே இல்லை.

பொறி கெட்டதனால் மட்டும் இது நேர்ந்ததன்று. விலக்கு நாள் என்னும் ஏற்பாடே பெருங் காரணமாயிற்று. கூட்டம், கணக்கெடுப்பு, வேறு அலுவல் எனக் காரணம் காட்டப்பட்ட நாள் வராத நாளாகக் கொள்ளப்படாது. நாளடைவில் மேலதிகாரிகள் வழங்கிய விலக்குகள் பெருகின. வராத நாள் குறையவில்லை. பதிவேட்டில் அதன் பெயர்தான் மாறியது. பிடித்தத்தின் அளவை எவரும் குறைக்கவில்லை. வராவிட்டால் பிடித்தம் வரும் என்ற நம்பிக்கை மட்டும் தேய்ந்து போயிற்று. வ்ரூமின் கணக்கில் இரண்டாம் எண் சுழியாயிற்று.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் கொண்டு ஆசிரியர் நேர்மையாளர், செவிலியர் அல்லர் எனக் கொள்வது பொருந்தாது. ஆசிரியரின் சம்பளம் படங்களை எண்ணிக் கணக்கிடப்பட்டது. அக்கணக்கில் இடையே எவருடைய தயவுக்கும் இடமில்லை. செவிலியர் திட்டத்திலோ ஒவ்வொரு விலக்குக்கும் ஓர் அதிகாரியின் ஒப்பம் போதுமானதாயிருந்தது.