எழுபது வளைவு ஏறிப் போகும் ஊர்

ரோமிலிருந்து ஏதென்சுக்கு வான்வழியில் ஏறத்தாழ 1,050 கிலோமீட்டர். விமானம் சுமார் இரண்டு மணி நேரத்தில் கடல் தாண்டி இறக்கிவிடும். நாமக்கல்லில் பேருந்து ஏறிக் கொல்லிமலைச் செம்மேட்டில் இறங்கவும் கிட்டத்தட்ட அதே நேரம் பிடிக்கிறது. இத்தனைக்கும் நேர்கோட்டில் அளந்தால் இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் 20 கிலோமீட்டர்தான். சாலைவழியில் ஐம்பதை ஒட்டி வரும்.

சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வரை வண்டி வேகமாகவே ஓடும். அடிவாரத்துக் காரவள்ளியைத் தாண்டியதும் கதை மாறிவிடுகிறது. மேலே போய்ச் சேர்வதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு.

எதற்கு இத்தனை வளைவு?

ஏற வேண்டிய உயரம் ஏறத்தாழ 1,000 மீட்டர். மலைச்சாலைகளுக்கு இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வகுத்துள்ள பொதுவான ஏற்றம் 20-க்கு 1. அதாவது 20 மீட்டர் ஓடினால் 1 மீட்டர் உயரலாம். அந்தக் கணக்கில் 1,000 மீட்டர் உயர 20 கிலோமீட்டர் சாலை வேண்டும். நேரே ஏறினால் அவ்வளவு நீளத்துக்கு மலைமுகத்தில் இடம் ஏது? அதனால் சாலை சரிவின் குறுக்கே கொஞ்சம் ஓடி, திரும்பி, மறுபடி குறுக்கே ஓடுகிறது. ஒடுங்கிய இடத்தில் மடித்துக் கட்டிய மாடிப்படியைப் போலத்தான்.

வளைவுக்குள் இருக்கும் பொறியியல் இன்னும் நுட்பமானது. திரும்பும் இடத்தில் உள்வட்டத்தின் ஆரம் குறைந்தது 14 மீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி. ஏற்றத்தையும் அங்கே 40-க்கு 1 என்ற அளவுக்குள் தணிக்கச் சொல்கிறார்கள். வளைவின் உள்விளிம்பு வெளிவிளிம்பைவிட நீளம் குறைந்தது. ஏறும் உயரமோ இரண்டுக்கும் ஒன்றே. ஆகவே உள்ளே ஒட்டி ஏறும் சக்கரத்துக்குச் சரிவு செங்குத்தாகிவிடும். பாரம் ஏற்றிய வண்டி அங்கே திணறி நின்றால் பின்னால் வருபவர்கள் பாடு ஆபத்து. இப்படிப்பட்ட வளைவுகளைக் கணக்கிடும் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர்தான். செம்மேட்டுப் பயண நேரத்தின் பெரும்பகுதி இங்கேதான் கழிகிறது.

இறங்குவது ஏறுவதைவிடக் கடினம். பிரேக்கையே விடாமல் மிதித்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஏறிய கியரிலேயே இறங்கினால் எஞ்சினே வண்டியின் வேகத்தைக் கட்டுக்குள் வைக்கும். எதிரே ஏறிவரும் வண்டிக்கு வழிவிட வேண்டும். மலைச்சாலையில் முதல் உரிமை அதற்குத்தான். ஏற்றத்தில் நின்ற வண்டியை மறுபடி கிளப்புவது அவ்வளவு சிரமம்.

ராசிபுரம் பக்கமிருந்து முள்ளுக்குறிச்சி வழியாக இன்னொரு சாலையும் மேலே போகிறது. மறுபுறம், திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலையிலிருந்து ஆகாயகங்கை அருவிப் பக்கம் ஏற ஒற்றையடிப் பாதை இருக்கிறது. கால்களுக்கு 20-க்கு 1 என்ற விதி கிடையாது. சக்கரங்கள் மலையைச் சுற்றிவர வேண்டிய இடத்துக்கு, நடந்து போகிறவர்கள் ஓடையை ஒட்டி நேரே ஏறிவிடுகிறார்கள்.